மீன் எண்ணெய் மாத்திரையில் 'எத்தில் எஸ்டர்': இது சாராயமா என்கிறார் அப்பா

குழித்துறைக்காரன் – ஞாயிறு, இரவு 9.40

வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை. தீர்ப்பு சொல்ல ஆள் தேவை.

அப்பாவுக்கு 67 வயது. கொஞ்சம் ரப்பர் இருக்கிறது, இப்போதும் அவரே பால் வெட்டுகிறார். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 620 வந்தது. திருவனந்தபுரத்தில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் மீன் எண்ணெய் மாத்திரை எழுதினார். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. பத்து நாள் ஒழுங்காகத்தான் போட்டார்.

அப்புறம் என் மகள் டப்பாவை எடுத்துப் படித்தாள். பிளஸ் ஒன், சயின்ஸ் குரூப். 'ஒமேகா-3 அமில எத்தில் எஸ்டர்' என்று போட்டிருக்கிறது. "தாத்தா, எத்தில்னா எத்தில் ஆல்கஹால் தெரியுமா?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். அப்பா வாழ்நாளில் கள்ளுகூடத் தொட்டதில்லை. ஊரில் மதுவிலக்கு ஊர்வலம் என்றால் முன்வரிசையில் நிற்பவர். டப்பாவைத் தூக்கி மேசையில் வைத்து "இத உங்க டாக்டரே குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மகள் சொன்னதில் தவறு இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. இந்த எஸ்டர் உடம்புக்குள் போய் என்னதான் ஆகிறது? இன்னொன்று, மாத்திரை போட்டால் அரைமணி நேரத்தில் மீன் வாடையோடு ஏப்பம் வருகிறது என்பதும் அவர் புகார்.

பாறசாலை பஸ் – ஞாயிறு, இரவு 9.52

சர்ச் திருவிருந்தில் திராட்சரசம் குடிக்கிறாரா இல்லையா? அதை முதலில் கேளும்.

குழித்துறைக்காரன் – ஞாயிறு, இரவு 9.58

கேட்டுப் பார்த்தாச்சு அண்ணே. எங்கள் சபையில் நொதிக்காத திராட்சைச் சாறுதானாம். அதையும் விசாரித்துவிட்டுத்தான் வாங்குவாராம்.

குடுவை – ஞாயிறு, இரவு 11.15

வேதியியல் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

பேத்தி சொன்னது பாதி சரி. அமிலம் ஒன்றும் ஆல்கஹால் ஒன்றும் சேர்ந்து, நடுவில் ஒரு தண்ணீர் மூலக்கூறை உதறிவிட்டால் கிடைப்பது எஸ்டர். மாத்திரையில் இருப்பது மீன் கொழுப்பமிலமும் எத்தில் ஆல்கஹாலும் சேர்ந்த எஸ்டர். ஆனால் சேர்ந்த பிறகு அது சாராயம் இல்லை. உப்புக்குள் சோடியம் இருக்கிறது என்பதற்காக உப்பைக் கண்டு யாரும் ஓடுவதில்லையே.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். அவர் தினமும் சாப்பிடும் தேங்காயெண்ணெய் எஸ்டர். சாளை மீன் கொழுப்பு எஸ்டர். நெய் எஸ்டர். அவர் ரத்தத்தில் 620 என்று வந்திருக்கிறதே, அந்த ட்ரைகிளிசரைடும் எஸ்டர்தான். கிளிசரால் என்ற மூன்று கை உள்ள ஆல்கஹால், ஒவ்வொரு கையிலும் ஒரு கொழுப்பமிலம். தேங்காயெண்ணெயில் காரத்தைப் போட்டுக் கிண்டிச் சோப்பு செய்கிறோம் அல்லவா, அங்கே நடப்பது இந்தப் பிணைப்பு உடைவதுதான். ஷெவ்ரல் என்ற பிரெஞ்சுக்காரர் சோப்பை ஆராய்ந்தே கொழுப்பின் கட்டமைப்பைக் கண்டுபிடித்து 1823-இல் புத்தகமாகப் போட்டார். சோப்புக்காரனுக்குக் கொதிக்கும் காரம் வேண்டியிருக்கிறது. வயிறு அதை 37 டிகிரியில் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

எப்படி? எண்ணெய் தண்ணீரில் கரையாது, உடைக்கும் நொதியோ தண்ணீரில் இருக்கிறது. ஆகவே வேலை எல்லாம் எண்ணெய்த் துளியின் மேற்பரப்பில்தான் நடக்க வேண்டும். இரைப்பையில் சுரக்கும் லைபேஸ் என்ற கொழுப்பு வெட்டும் நொதி பத்திலிருந்து முப்பது சதவீதம் வரை உடைக்கும். மிச்சம் சிறுகுடலில். பித்தநீர் உப்பு பெரிய துளியைச் சிறு துளிகளாகப் பிரித்துப் பரப்பைக் கூட்டும். ஆனால் அதே பித்த உப்பு துளியை முழுதாகப் போர்த்திக்கொண்டு லைபேஸைத் தள்ளியும் விடும். அதற்காகக் கணையம் கோலைபேஸ் என்று ஒரு துணையாளை அனுப்புகிறது. அது துளியைப் பிடித்துக்கொண்டு லைபேஸுக்கு உட்கார இடம் கொடுக்கும். (கணையநீர் கொழுப்பை உடைக்கிறது என்று 1840-களில் காட்டியவர் கிளாட் பெர்னார்.)

லைபேஸ் கிளிசராலின் இரண்டு ஓரக் கைகளைத்தான் வெட்டும், நடுக்கையை விட்டுவிடும். ஆகவே கிடைப்பது தனிக் கொழுப்பமிலம் இரண்டு, நடுவில் ஒரு அமிலத்தோடு நிற்கும் மோனோகிளிசரைடு ஒன்று. இவை பித்த உப்போடு சேர்ந்து மிசெல் என்ற நுண்ணிய உருண்டையாகிக் குடல் சுவரை அடைகின்றன. உள்ளே போனதும் ஒரு வேடிக்கை: இவ்வளவு பாடுபட்டு உடைத்ததைக் குடல் செல் மறுபடி ஒட்டுகிறது! மோனோகிளிசரைடின் காலியான இரண்டு கைகளிலும் அமிலத்தை மாட்டி, புரதப் போர்வை சுற்றி, கைலோமைக்ரான் என்ற பொட்டலமாக்கி நிணநீரில் அனுப்பும். சாப்பிட்ட நாயின் குடலைச் சுற்றி வெண்மையான நரம்பு போல ஏதோ ஓடுகிறதே என்று 1622-இல் ஆசெல்லி என்ற இத்தாலிய மருத்துவர் கண்டது இந்தக் கொழுப்பு நிணநீரைத்தான்.

இனி மாத்திரை. எத்தில் எஸ்டருக்கு ஒரே கை. அதை நம் கணைய லைபேஸ் வெட்டும், ஆனால் மெதுவாக. ட்ரைகிளிசரைடை வெட்டும் வேகத்தோடு ஒப்பிட்டால் பல மடங்கு மெது. வெட்டியபின் இரண்டு துண்டு: கொழுப்பமிலம், கொஞ்சம் எத்தில் ஆல்கஹால்.

கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டலாம். இ.பி.ஏ என்ற ஒமேகா-3 அமிலத்தின் எத்தில் எஸ்டருக்கு மூலக்கூறு எடை சுமார் 330. அதிலிருந்து வரும் எத்தனாலின் எடை 46. அதாவது ஒரு கிராம் மாத்திரைக்கு 0.14 கிராம், நான்குக்கு அரைகிராமுக்குச் சற்று மேல். ஒரு 'டிரிங்க்' என்று நம் நாட்டில் கணக்கிடுவது 10 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்தில் 7 கிராமுக்குக் குறையாமல் எரிக்கும். அரைகிராம் அதற்கு ஐந்து நிமிட வேலை, அதுவும் இரண்டு வேளையாகப் பிரிந்து வருகிறது.

ஆக, சாராயமா என்றால் இல்லை. ஒரு துளிகூட உண்டாகாதா என்றால் உண்டாகும். நான் இரண்டையும் சொல்லிவிட்டேன், மனசாட்சி அப்பாவுடையது.

குழித்துறைக்காரன் – திங்கள், காலை 6.20

சார், மிக்க நன்றி. மகளை எழுப்பிப் படிக்க வைத்தேன். 'பாதி சரி' என்பதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஒரு சந்தேகம். மீன் கொழுப்பு இயற்கையில் ட்ரைகிளிசரைடுதான் என்றால், அப்படியே அடைத்து விற்க வேண்டியதுதானே? எதற்கு எத்திலைக் கொண்டு வந்து சேர்க்கிறார்கள்?

குடுவை – திங்கள், காலை 7.05

நல்ல கேள்வி. மீன் எண்ணெயை அப்படியே எடுத்தால் இ.பி.ஏ, டி.ஹெச்.ஏ என்ற ஒமேகா-3 அமிலங்கள் இரண்டும் சேர்ந்து முப்பது சதவீத அளவில்தான் இருக்கும். மிச்சம் வேறு கொழுப்பு. ஒரே கிளிசராலில் மூன்று வகை அமிலம் தொங்கினால் வேண்டியதை மட்டும் எப்படிப் பிரிப்பது? ஆகவே கிளிசராலைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு அமிலத்திலும் எத்திலை மாட்டுகிறார்கள். இப்போது எல்லாம் தனித்தனி, வெற்றிடத்தில் வடித்தால் பிரிந்துவிடும். எண்பது சதவீதத்துக்கு மேல்கூடச் செறிவாக்கலாம். மாத்திரை எண்ணிக்கை குறைகிறது.

எத்திலுக்குப் பதில் மெத்திலை மாட்டினால் அது பயோடீசல். உங்கள் அப்பாவின் தோட்டத்தில் உதிரும் ரப்பர் விதையின் எண்ணெயிலும் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மெத்தில் எஸ்டர் உடைந்தால் மெத்தனால் வரும், அது கண்ணைக் குருடாக்கும் சரக்கு. மருந்துக்காரர்கள் எத்திலைத் தேர்ந்ததன் காரணம் புரிகிறதா?

இரவுப்பணி – திங்கள், காலை 8.30

இப்போதுதான் டியூட்டி முடித்து வந்தேன். திருவனந்தபுரத்தில் நர்ஸ், ஊர் மார்த்தாண்டம். ஒன்று கேட்க வேண்டும்: அப்பா மாத்திரையை எப்போது போடுகிறார்? சாப்பிட்ட பிறகா, முன்னாலா?

குழித்துறைக்காரன் – திங்கள், காலை 8.41

காலை ஐந்து மணிக்கு, பால் வெட்டப் போகும் முன் கருப்பட்டிக் காப்பியோடு. இரவு மாத்திரை படுக்கும்போது. ராத்திரி அவர் சாப்பாடு கஞ்சியும் பயறும்தான், அதுவும் ஏழு மணிக்கே முடிந்துவிடும்.

இரவுப்பணி – திங்கள், காலை 8.55

நினைத்தேன். ஏப்பத்துக்குக் காரணம் அதுதான். வெறும் வயிற்றில் எண்ணெய் மிதந்து கொண்டே கிடக்கிறது.

சார் மேலே எழுதியதோடு சேர்த்துப் பாருங்கள். கொழுப்பு சிறுகுடலுக்குப் போனால்தான் பித்தப்பை நன்றாகச் சுருங்கும், கணையம் நொதியைத் தாராளமாக விடும். கருப்பட்டிக் காப்பியில் கொழுப்பு ஏது? ஏற்கெனவே மெதுவாக வெட்டுப்படும் எஸ்டர், பித்தமும் நொதியும் சரியாக வராத நேரத்தில் போய் நிற்கிறது. 1988-இல் வந்த ஓர் ஆய்வில் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு கொடுத்தபோது எத்தில் எஸ்டரின் உறிஞ்சல் மூன்று மடங்கானது. இந்த வகை மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வார்டில் நாங்கள் சொல்வோம், டிஸ்சார்ஜ் அவசரத்தில் பாதிப் பேர் காதில் விழாது.

நீங்களாக நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றுவதையும் டாக்டருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். 500-க்கு மேல் ட்ரைகிளிசரைடு என்றால் கணைய வீக்கம் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் அவர் எழுதியிருப்பார்.

குடுவை – திங்கள், காலை 9.20

சிஸ்டர் சொன்னதற்கு ஒரு ஒட்டு. சாப்பாட்டோடு போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. எத்தில் எஸ்டர் உடைந்தால் தனி அமிலம்தான் வருகிறது, மோனோகிளிசரைடு வருவதில்லை. குடல் செல்லுக்கு மறுபடி ஒட்ட ஒரு கிளிசரால் முதுகெலும்பு வேண்டுமே? கூடவே வந்த தேங்காய் அரைத்த மீன் குழம்பு அதைக் கொடுத்துவிடும். மாத்திரையின் அமிலம் குழம்பின் கிளிசராலில் ஏறிப் பயணம் போகும். பாறசாலையிலிருந்து வரும் ஆள் நம்மூர் பஸ்ஸில் தொற்றிக்கொள்கிற மாதிரி.

பாறசாலை பஸ் – திங்கள், காலை 9.31

என் பெயரை இழுக்காமல் உங்களுக்கு விஞ்ஞானம் வராதா சார்?

சந்தேகப்பிராணி – திங்கள், மதியம் 1.10

எல்லாரும் அப்பாவைச் சமாதானப்படுத்துவதிலேயே இருக்கிறீர்கள். நான் மறுபக்கம் பேசுகிறேன். 'கொழுப்பமில எத்தில் எஸ்டர்' என்று தேடிப் பாருங்கள். குடிகாரர்களின் கணையத்தைக் கெடுக்கும் பொருள் என்றே வருகிறது. 1986-இல் குடிபோதையில் இறந்தவர்களின் உடலைச் சோதித்தபோது கணையத்திலும் ஈரலிலும் இதே சாமான் குவிந்து கிடந்ததாம். இப்போது தலைமுடியில் இதை அளந்து ஒருவர் குடிப்பவரா என்று கண்டுபிடிக்கிறார்கள். அதையே நாம் மாத்திரையாக முழுங்குகிறோம். கணைய வீக்கம் வராமல் இருக்க! இது எப்படி இருக்கிறது?

குடுவை – திங்கள், மதியம் 2.45

எடுத்துச் சொன்ன தகவல் எல்லாம் சரி. முடிவு சரியில்லை.

குடிப்பவரின் உடம்பில் அது உண்டாகும் இடம் எது? கணைய செல்லுக்கு உள்ளேயே. ரத்தத்தில் ஆல்கஹால் நிறைந்து ஓடும்போது, வழக்கமான பாதையில் எரியாத ஒரு சிறு பங்கு செல்லுக்குள் இருக்கும் கொழுப்பமிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அங்கேயே பிறந்து, மைட்டோகாண்ட்ரியாவைப் பாதித்து, செல்லுக்குள் கால்சியத்தை எகிற வைத்து, அங்கேயே கெடுதல் செய்கிறது.

மாத்திரையில் வருவது குடல் குழாய்க்குள் வருகிறது. குடல் குழாய் என்பது ஒரு வகையில் உடம்புக்கு வெளியே, சுவரைத் தாண்டினால்தான் உள்ளே. அந்தச் சுவரைத் தாண்டும் முன்னரே எத்தில் கழன்று விடுகிறது. தப்பி வருவதைக் குடல் செல்லிலும் ஈரலிலும் இருக்கும் கார்பாக்சில் எஸ்டரேஸ் நொதிகள் உடைக்கின்றன. ரத்தத்தில் எத்தில் எஸ்டர் முழுசாகச் சுற்றுவது மிகக் குறைவு. திருடன் சமையலறைக்குள் உட்கார்ந்திருப்பதும், தெருமுனையில் போலீஸ்காரர் பிடித்துக் கத்தியைப் பிடுங்கிய பிறகு வருவதும் ஒன்றா?

ஆனாலும் கேட்டது நல்லது. ஏனென்றால் 'எல்லா எஸ்டரும் உடைந்துவிடும், ஆகவே எல்லாம் நல்லது' என்று நான் சொன்னதாக ஆகிவிடக் கூடாது. உடைந்தால் வருவது எது என்பதே பேச்சு. ஓர் உதாரணம் சொல்கிறேன். எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது வாடை போக்க 200 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். அப்போது, முக்கியமாகப் பாமாயிலில், கிளிசிடைல் எஸ்டர் என்று ஒன்று உண்டாகிறது. அதுவும் கொழுப்பமில எஸ்டர்தான், லைபேஸ் அதையும் தன் கடமை போல வெட்டும். வெட்டினால் வருவது கிளிசிடால். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. ஐரோப்பாவில் 2018-இல் ஒரு கிலோ எண்ணெய்க்கு 1000 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தார்கள். நம் ரேஷன் கடைப் பாமாயிலில் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை.

செக்கடி – திங்கள், மாலை 6.15

பாமாயில் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். கருங்கல் பக்கம் எண்ணெய் ஆட்டுகிறேன், ஏத்தங்காய் சிப்ஸும் போடுகிறேன். இத்தனை சண்டை எதற்கு? தேங்காயெண்ணெய் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அதாவது அமிலத்தின் கார்பன் சங்கிலி அவ்வளவு நீளமில்லாதது. கைலோமைக்ரான், நிணநீர் எதுவும் கிடையாது. நேராக ஈரலுக்குப் போய் எரிந்துவிடும், உடம்பில் தங்காது. அப்பாவுக்குத் தினம் இரண்டு ஸ்பூன் கொடுங்கள், மாத்திரையே வேண்டாம்.

இரவுப்பணி – திங்கள், மாலை 6.50

அண்ணே, கடைசி வரியை மட்டும் தயவு செய்து திரும்பப் பெறுங்கள். 620 இருப்பவரிடம் மாத்திரை வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பை நான் தினம் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஆகவே தெரியும். இதய ஆபரேஷனுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு மார்பில் நிணநீர்க் குழாய் காயப்பட்டுக் கசியும். டியூபில் வருவது பால் போல வெள்ளையாக இருக்கும். சாதாரணக் கொழுப்பை நிறுத்தி 8, 10 கார்பன் உள்ள எம்.சி.டி (நடுத்தரச் சங்கிலி) எண்ணெயைக் கொடுப்போம். பல குழந்தைகளுக்குச் சில நாளில் வெள்ளை போய்த் தெளிந்துவிடும். கொழுப்பு நிணநீர் வழியை விட்டுவிட்டு நேரே ஈரலுக்குப் போகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் அது பிரித்தெடுத்த எம்.சி.டி. செக்கெண்ணெய் இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு யாரும் தேங்காயெண்ணெய் கொடுப்பதில்லை.

குடுவை – திங்கள், மாலை 7.30

காரணம்: தேங்காயெண்ணெயில் 8, 10 கார்பன் அமிலங்கள் இரண்டும் சேர்ந்து ஏழில் ஒரு பங்குதான். பாதிக்குச் சற்றுக் குறைவாக இருப்பது லாரிக் அமிலம், 12 கார்பன். பெயரளவில் அதை நடுத்தரச் சங்கிலி என்பார்கள், ஆனால் குடலில் அதன் பெரும்பகுதி நீண்ட சங்கிலி போல நடந்து கைலோமைக்ரானில்தான் ஏறுகிறது. பெயரில் ஒரு ஜாதி, நடத்தையில் ஒரு ஜாதி. 2020-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மற்ற தாவர எண்ணெய்களுக்குப் பதில் தேங்காயெண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் எல்.டி.எல் சராசரியாக டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் கூடியிருந்தது. பயப்படுகிற அளவு இல்லை, மருந்தென்று விற்கிற அளவும் இல்லை.

செக்கடி – திங்கள், இரவு 8.05

என் பாட்டி 92 வயது வரை தேங்காயெண்ணெயில்தான் மரச்சீனிக் கிழங்குக்குத் தாளித்தாள்.

சரி, மாத்திரை வேண்டாம் என்றதை வாபஸ் வாங்குகிறேன். பாட்டியை வாபஸ் வாங்க மாட்டேன்.

தேன்பெட்டி – திங்கள், இரவு 9.20

மார்த்தாண்டம் பக்கம் பெட்டி வைத்திருப்பவன். ஊருக்கே தெரிந்த கதைதான், 1920-களில் ஒய்.எம்.சி.ஏ கிராமப் புனரமைப்பு மையம் தேனீப் பெட்டியைப் பரப்பிய பிறகு ஆரம்பித்த தொழில். அடையோடு தேன் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் "மெழுகையும் முழுங்கலாமா?" என்று கேட்பார்கள். முழுங்கலாம், ஒன்றும் ஆகாது என்பேன். மெழுகும் எஸ்டர் என்று எங்கோ படித்தேன். அது உடம்பில் உடையுமா?

குடுவை – திங்கள், இரவு 10.10

அருமை. இந்த இழையில் உடையாத ஒன்று வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேன்மெழுகில் பெரும்பங்கு நீண்ட அமிலமும் நீண்ட ஆல்கஹாலும் சேர்ந்த எஸ்டர். பால்மிட்டிக் அமிலத்தின் 16 கார்பன் ஒரு பக்கம், முப்பது கார்பன் உள்ள ஆல்கஹால் மறுபக்கம். இரண்டு பக்கமும் எண்ணெய்த் தன்மை. தண்ணீர்ப் பக்கம் தலை காட்ட ஒன்றுமே இல்லை. மெழுகு உருகும் சூடு 60 டிகிரிக்கு மேல், ஆகவே வயிற்றுக்குள்ளும் கட்டியாகவே கிடக்கும். லைபேஸ் எங்கே போய் உட்காரும்? வந்த வழி தெரியாமல் மறுநாள் வெளியே போய்விடும். ஆப்பிரிக்காவில் தேன்வழிகாட்டி என்ற பறவையோ மெழுகைத் தின்று செரித்துவிடுகிறது.

கட்டி மெழுகுக்குப் பதில் திரவ மெழுகாக இருந்தால் கதை கந்தல். ஆழ்கடலில் எஸ்கோலர் என்று ஒரு மீன், அதன் கொழுப்பில் பெரும்பகுதி மெழுகு எஸ்டர். சாப்பிட்டால் உறிஞ்சப்படாமல் எண்ணெயாகவே கீழே ஒழுகும், கட்டுப்பாடே இருக்காது. சில நாடுகளில் விற்கவே தடை. இதையே மனிதன் வேண்டுமென்று செய்ததுதான் ஒலெஸ்ட்ரா. சர்க்கரையில் ஆறு முதல் எட்டுக் கொழுப்பமிலத்தை நெருக்கமாக மாட்டினால் லைபேஸ் உள்ளே நுழைய முடியாது. கலோரி பூஜ்யம் என்று 1996-இல் அமெரிக்காவில் சிப்ஸ் பொரிக்க அனுமதித்தார்கள். வயிற்றுப் பிடிப்பு வரலாம், ஏ, டி, இ, கே வைட்டமின்களைக் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பாக்கெட்டிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டியிருந்தது. அதே சர்க்கரையில் ஒரே ஒரு அமிலத்தை மாட்டினால் குடல் எளிதாக உடைத்துவிடும், அது கேக்கில் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கப் போடும் பால்மமாக்கி.

செக்கடி – திங்கள், இரவு 10.25

அந்தச் சிப்ஸைவிட என் ஏத்தங்காய் சிப்ஸ் மேல் என்று ஒப்புக்கொண்டால் சரி.

மூன்றாம் பெஞ்சு – செவ்வாய், காலை 10.00

குழித்துறைக்காரரின் மகள்தான் எழுதுகிறேன், அப்பாவின் போனிலிருந்து இல்லை, தனிக் கணக்கு. சாக்லேட் உறையில் 'பால்மமாக்கி 476' என்று இருக்கிறது. அது விளக்கெண்ணெயிலிருந்து செய்வது என்று படித்தேன். அப்படியென்றால் வயிற்றைக் கலக்க வேண்டாமா?

குடுவை – செவ்வாய், காலை 11.40

வா மகளே. நீ ஆரம்பித்த சண்டைதானே இது.

விளக்கெண்ணெய் பாட்டிலில் இருக்கும்வரை சாது. அதுவும் ட்ரைகிளிசரைடுதான். குடலில் லைபேஸ் வெட்டி ரிசினோலெயிக் அமிலத்தை விடுவித்த பிறகுதான் அது குடல் தசையில் உள்ள ஒரு ஏற்பியைத் தட்டிக் குடலைச் சுருங்க வைக்கிறது. அந்த ஏற்பி இ.பி.3 என்பதை 2012-இல்தான் கண்டுபிடித்தார்கள், பாட்டிமார் ஆயிரக்கணக்கான வருடம் பயன்படுத்திய பிறகு. எஸ்டர் ஒரு பூட்டு, நம் உடம்பின் நொதியே சாவி.

476 என்பது அதே அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்து, பல கிளிசரால் சேர்ந்த பாலிகிளிசராலில் மாட்டியது. குடலில் பெரும்பாலும் உடைகிறது. அமிலம் மற்ற கொழுப்பு போல எரிகிறது, பாலிகிளிசரால் துண்டுகள் சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறும். வயிறு கலங்காததற்குக் காரணம் அளவு. சாக்லேட்டில் உச்ச வரம்பே அரை சதவீதம். 50 கிராம் சாக்லேட்டில் கால் கிராம் வரும். பேதிக்குக் கொடுக்கும் விளக்கெண்ணெய் குறைந்தது 15 மில்லி.

இரவுப்பணி – செவ்வாய், மாலை 4.30

பூட்டு-சாவி என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. மனநல வார்டில் மாதம் ஒருமுறை ஒரு ஊசி போடுவோம், ஹாலோபெரிடால் டெகனோயேட். மருந்தோடு 10 கார்பன் கொழுப்பமிலத்தை எஸ்டராக மாட்டியிருப்பார்கள். தேங்காயெண்ணெயில் இருக்கும் அதே காப்ரிக் அமிலம். அதைக் கரைத்திருப்பது எதில் தெரியுமா? நல்லெண்ணெயில்! இடுப்புத் தசையில் போட்டால் எண்ணெய்த் திட்டாக உட்கார்ந்துகொள்ளும். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர, எஸ்டரேஸ் வாலை வெட்ட, மருந்து ரத்தத்தில் கலக்கும். நாலு வாரம் ஓடும். தினம் மாத்திரை போட மறுக்கும் நோயாளியின் வீட்டாருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும்.

செக்கடி – செவ்வாய், மாலை 4.52

தேங்காயும் எள்ளும் சேர்ந்து வைத்தியம் பார்க்கிறது. பாட்டி சொன்னால் கேட்டீர்களா?

குழித்துறைக்காரன் – மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.15

இழை கீழே போய்விட்டது, இழுத்து மேலே போடுகிறேன்.

அன்றே டாக்டருக்குப் போன் செய்தேன். சாப்பாட்டோடுதான் போடச் சொன்னேனே என்றார். சொல்லியிருப்பார், நான்தான் கவனிக்கவில்லை. பால் வெட்டி வந்த பிறகு பத்து மணிக்குச் சாப்பிடும்போது இரண்டு, இரவுச் சாப்பாட்டோடு இரண்டு என்று மாற்றியாச்சு. இரவுக் கஞ்சிக்குத் தேங்காய்த் துவையலும் சேர்ந்திருக்கிறது. மீன் ஏப்பம் நின்றுவிட்டது.

அப்பாவை வழிக்குக் கொண்டு வந்தது சாரின் அரைகிராம் கணக்கு இல்லை. அதைக் கேட்டதும் இன்னும் முறுக்கிக்கொண்டார். "அரைகிராம்னாலும் அது அதுதான்" என்றார். "தாத்தா, அந்த எத்தில் மீன் கொழுப்பு ஏறி வந்த பஸ் டிக்கெட் மாதிரி, இறங்கினதும் கிழிச்சுப் போட்டுருவாங்க" என்று மகள் சொன்னாள். அதற்குத்தான் சிரித்தார். மறுநாள் மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டார்.

இப்போது புதுக் கேள்வி: சாளையிலேயே இருக்கிறதென்றால் சாளையே தின்றால் போதாதா?

பாறசாலை பஸ் – ஞாயிறு, மாலை 5.40

டிக்கெட் உவமைக்கு எனக்குப் பங்கு வர வேண்டும்.

சாளைக்கு நான் பதில் சொல்கிறேன், களியக்காவிளைச் சந்தையில் மீன் ஏற்றும் ஆள் நான். நெய் மத்தி, சாளையைத்தான் சொல்கிறேன், நல்ல கொழுப்பு ஏறின பருவத்தில் 100 கிராமுக்கு அந்த ஒமேகா சமாச்சாரம் ஒன்றிரண்டு கிராம் இருக்கும் என்கிறார்கள். நாலு மாத்திரைக்கு ஈடு வேண்டுமென்றால் தினம் கால் கிலோவாவது தள்ள வேண்டும். கொழுப்பு வற்றின மாதத்தில் அதுவும் பற்றாது. மீனை நம்பவும் முடியாது: கேரளத்தில் 2012-இல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது, 2021-இல் ஏறக்குறைய மூவாயிரத்து முந்நூறு டன்தான். அந்த வருடம் சந்தையில் மத்தி விலையைக் கேட்டு ஆட்கள் கூடையைப் பார்த்துவிட்டு மட்டும் போனார்கள்.

இரவுப்பணி – ஞாயிறு, இரவு 7.10

சாளையும் சாப்பிடட்டும், மாத்திரையும் போடட்டும். பொரிக்காமல் குழம்பு வைத்தால் நல்லது. அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது?

குழித்துறைக்காரன் – ஞாயிறு, இரவு 7.22

அடுத்த மாதம் 10-ஆம் தேதி, பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு. அன்றைக்கு மட்டும் காலை மாத்திரை கிடையாது என்று மகள் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறாள்.